புதுப்பிப்பு: ட்ரோன் விளக்குகளுக்கு 7805 வேண்டாம்

ட்ரோனின் 4எஸ் லிப்போவிலிருந்து (நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) 7805 என்ற வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் சிப் வழியாக எல்இடிக்கு 5 வோல்ட் எடுக்கலாம் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். முழுச் சார்ஜில் பேட்டரி 16.8 வோல்ட். 300 மில்லிஆம்பியர் எல்இடி ஸ்ட்ரிப் போட்டால் மீதி 11.8 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போகும்: சுமார் 3.5 வாட். ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் அது தாங்காது, அதுவும் கிருஷ்ணகிரி சித்திரை வெயிலில்.

பதிலாக 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு போர்டு) போடுங்கள். இன்புட் 24 வோல்ட்டாவது தாங்க வேண்டும். வோல்ட்டை மாற்றும் திருகு வைத்த மாடல் என்றால், எல்இடியை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்து 5.0 வோல்ட்டுக்குத் திருகி, திருகின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள். மோட்டார் அதிர்வில் நகராது. பேட்டரிப் பக்கம் அரை ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். மெல்லிய ஒயர் ஷார்ட் ஆனால் லிப்போ கொட்டும் கரண்டில் ஒயரே தீப்பிடிக்கும்.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. ஸ்ட்ரிப் இல்லாமல் தனி எல்இடி என்றால் சிவப்புக்கு 220 ஓம் ரெசிஸ்டர், மற்ற இரண்டுக்கும் 150 ஓம், ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக. எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டால் சிவப்பு 2 வோல்ட்டிலேயே பிடித்துக்கொள்ளும், 3 வோல்ட் கேட்கும் பச்சை எரியாது.

பேலன்ஸ் ஒயரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சார்ஜருடன் இணைக்கும் மெல்லிய ஒயர்கள்) ஒரு செல்லிலிருந்து மட்டும் கரண்ட் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த செல் மட்டும் இறங்கிப் பேக்கே கெடும். கன்வெர்ட்டரை ஜிபிஎஸ், காம்பஸை விட்டுத் தள்ளி வைத்து, ஒயர்களை முறுக்கி விடுங்கள். எல்இடியை ஹாட் குளூவில் ஒட்டினால் வெயிலில் இளகும், சிலிக்கோன் பசை நல்லது.