டெல்டா செஃபி ஏன் எனக்கு மாறவே இல்லை?

கேள்வி (புதுவான்):
செஃபியஸ் விண்மீன் மண்டலத்தில் உள்ள டெல்டா செஃபி நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவது வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று படித்தேன். சுற்று 5 நாள் சொச்சம் என்பதால் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருக்கும் எப்சிலான் நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக, அப்படியேதான் இருக்கிறது. என் கண்ணில்தான் கோளாறா?

பதில் (இரவுக்குறிப்பு):
கண்ணில் கோளாறு இல்லை, நாள் கணக்கில்தான். அதன் சுற்று ஏறக்குறைய 5 நாள் 8 மணி 48 நிமிடம். ஐந்து நாளைக்கு ஒருமுறை பார்த்தால், போன தடவை பார்த்த நிலைக்கு ஒன்பது மணி நேரம் முந்தைய நிலைதான் கிடைக்கும். ஊஞ்சல் ஒரே பக்கம் வரும்போது மட்டும் கண் திறந்து பார்த்தால் அது ஆடுவது எப்படித் தெரியும்?

தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஜீட்டா (பொலிவெண், அதாவது பிரகாசத்தைச் சொல்லும் எண், 3.4), எப்சிலான் (4.2), டெல்டா மூன்றும் சின்ன முக்கோணமாக நிற்கும். டெல்டா 3.5-க்கும் 4.4-க்கும் இடையே ஊசலாடும். எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல். ஏறுவது வேகம், ஒன்றரை நாள்தான். இறங்க நான்கு நாள் ஆகும். என் நோட்டில் ஒரு முறை: முதல் இரவு எப்சிலானுக்கும் கீழே. மறுநாள் இரண்டுக்கும் நடுவில். மூன்றாம் இரவு ஜீட்டாவை எட்டிப் பிடித்திருந்தது. அன்றைக்கு மாடியைவிட்டு இறங்கி வரவே மனம் வரவில்லை!

அப்புறம், பழைய குறிப்பைப் புரட்டாமல் புதியதை எழுதுங்கள். நேற்றைய எண் கண்ணை ஏமாற்றும்.

பதில் (வடதிசை):
பக்கத்தில் சிவப்பாகத் தெரியும் மியூவை ஒப்பிட எடுக்காதீர்கள், அதுவே மாறும் நட்சத்திரம்.

1784-ல் வானியலாளர் ஜான் குட்ரிக் டெல்டாவின் இந்த மாற்றத்தைக் கண்டபோது அவருக்கு 20 வயது, காது கேளாதவர். 21 வயதிலேயே இறந்துவிட்டார். இந்த வகை நட்சத்திரங்களின் சுற்றுக்கும் உண்மையான ஒளிக்கும் உள்ள தொடர்பை 1912-ல் வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட் எண்களாக வெளியிட்டார். அதை வைத்துத்தான் வானியலாளர் ஹபிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் தூரத்தை அளந்தார். 'செஃபீட்' என்ற அந்தக் குடும்பத்துக்கே பெயர் தந்த நட்சத்திரத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

புதுவான்:
நன்றி. நேற்றும் இன்றும் பார்த்தேன். நேற்று ஜீட்டாவுக்கு ஒரு மயிரிழை குறைவு. இன்று சந்தேகமே இல்லாமல் மங்கியிருக்கிறது. நாளையும் அதே நேரம்.