தொடையில முட்டி ஏறி வீங்கிருச்சு, எண்ணெய் போட்டு நீவலாமா?

உசிலம்பட்டிக்காரன்:
வணக்கம்ணே. நேத்து சாயந்தரம் எங்கூர் திருவிழா கபடில தம்பி பாடி போனப்ப எதிர் டீம்காரன் முழங்கால் நேரா இவன் முன்தொடையில ஏறிருச்சு. அப்ப ஒண்ணும் தெரியல, முழு ஆட்டமும் ஆடிட்டான், ராத்திரி பாத்தா தொடை இறுகிப்போய் கிடக்கு, காலைல மடக்கவே முடியல. அப்பத்தா விளக்கெண்ணெய சூடு பண்ணி நீவுறேங்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை மேலூர்ல மேட்ச் வேற இருக்கு, ஆடலாமா?

திருநகர் பிசியோ:
தம்பி, நீவவே வேணாம். சூடும் வேணாம். முட்டி இடிச்சதுல சதை தொடை எலும்போட நசுங்கி உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும், அதைப் போட்டு உருவுனா இன்னும் கசியும். சில பேருக்கு அந்த ரத்தக்கட்டு சதைக்குள்ளயே எலும்பா மாறிரும், மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு சொல்லுவோம், சில வாரம் கழிச்சுத் தொடையத் தொட்டுப் பாத்தா கட்டியா தட்டுப்படும், எக்ஸ்ரேலயும் தெரியும், அதோட மாசக்கணக்குல கிரவுண்டு பக்கம் போக முடியாது. துணியில ஐஸ் சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க, விட்டு விட்டு வைக்கணும். கிரேப் பேண்டேஜ் கட்டி, வலி தாங்குற அளவுக்கு முட்டிய மடக்கி வச்சிருக்கச் சொல்லுங்க, நீட்டியே வச்சா சதை அப்படியே இறுகிரும்.

ரேஸ்கோர்ஸ் ரன்னர்:
ப்ரோ இது பின்தொடை பிடிக்கிற கேஸ் மாதிரி இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எங்க ஸ்பிரிண்ட் பசங்களுக்கு வர்றது ஹாம்ஸ்ட்ரிங், யாரும் இடிக்க வேணாம், ஃபுல் ஸ்பீடுல காலை முன்னாடி வீசி தரையில வைக்கப்போற நேரத்துல சுருக்குனு பிடிக்கும், பெரும்பாலும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ்ங்கிற வெளிப்பக்க சதைதான். வலி போச்சுன்னு ஓடுனா மறுபடி அதே இடத்துல பிடிக்கும். அதுக்கு நார்டிக் எக்சர்சைஸ் நல்லா கேக்கும், முட்டி போட்டு நின்னு, ஒருத்தர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, மெதுவா முன்னாடி சாயணும். ஆனா அடிபடாம இருக்கத்தான் அது, உங்க தம்பிக்கு இப்ப வேணாம்.

உசிலம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, அப்பத்தாகிட்ட பக்குவமா சொல்லிட்டேன். எவ்வளவு அடின்னு வீட்லயே தெரிஞ்சுக்க முடியுமா?

திருநகர் பிசியோ:
குப்புறப் படுக்க வச்சு மெதுவா மடக்கச் சொல்லுங்க, அமுக்காதீங்க. நாளைக்கு 90 டிகிரி தாண்டுனா லேசான அடி. 45 கூட வரலன்னா பலமான அடி, மேலூர் மேட்ச மறந்துருங்க. நடுவுல நின்னாலும் ஒரு வாரத்துல ஆட விடாதீங்க, அதே எடத்துல இன்னொரு முட்டி பட்டா நெலமை மோசமாயிரும். ரெண்டு தொடையையும் முட்டிச்சில்லுக்கு மேல ஒரே உயரத்துல பேனாவால குறிச்சு டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. சுற்றளவு ஏறிக்கிட்டே போனாலோ, தோல் பளபளன்னு இழுத்தாலோ, பாதம் மரத்தாலோ, ஐஸ் வச்சும் வலி கூடுனாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே பெரியாஸ்பத்திரி கேஷுவால்டிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.