புதுப்பிப்பு: சன்ஸ்கிரீன் திரிதிரியாக உருண்டு வந்தது நின்றுவிட்டது

ஜெல் மாய்ஸ்சரைசர் மேல் எஸ்.பி.எஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 50 சன்ஸ்கிரீன் தடவினால் வெள்ளைத் திரியாக உருண்டு உதிர்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "இரண்டு டியூபிலும் பின்பக்கப் பட்டியலைப் பாருங்க" என்ற யோசனைதான். ஜெல்லில் கார்போமர், சாந்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் பொருள்கள். சன்ஸ்கிரீனில் டைமெத்திகோன் என்ற சிலிகோன், சிலிகா என்ற நுண்தூள். கார்போமர் காய்ந்ததும் தோல்மேல் மெல்லிய படலமாக நிற்கும். சிலிகோன் அதில் சரியாகப் பிடிக்காது. தேய்க்கத் தேய்க்கப் படலம் உரிந்து, சன்ஸ்கிரீனையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் வெயிலுக்குப் பாதுகாப்பும் போச்சு.

இப்போது ஜெல் பட்டாணி அளவுதான். பத்து நிமிடம் காய விட்டு, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிரீன் எடுத்து, இரண்டு தடவையாக ஒற்றிப் பூச வேண்டும். தேய்க்கக் கூடாது. எண்ணெய்ப் பசைச் சருமம் என்றால் காலையில் ஜெல்லே தேவைப்படாமலும் போகலாம்.

"சன்ஸ்கிரீனைக் குறைச்சுப் பூசுங்க" என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். திரி குறையும்தான், ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஸ்.பி.எஃப் எண்ணே சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் போடுவது. பாதி பூசினால் அந்த 50 கிடைக்காது.

எதிர்பாராத ஒன்று: மதியம் வியர்வை மேலேயே மறுபடி பூசியபோது திரி திரும்ப வந்தது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, முகம் உலர்ந்தபின் பூசினால் வரவில்லை.