மண்டியில் பாதி கம்ப்யூட்டருக்கு நெட் வருது, பாதிக்கு வரலை, பிரிண்டரும் காணாமல் போகுது (காவேரிப்பட்டணம்)

மண்டிக்காரன்:
வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மாமாவோட மாங்காய் மண்டியில் கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் என் தலையில்தான். சீசன் உச்சத்தில் இருக்கிறது, வாசலில் வண்டி நிற்கிறது, இந்த நேரம் பார்த்து நெட்வொர்க் ஆட்டம் காட்டுகிறது. நாலு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். காலையில் ஆன் செய்தால் இரண்டில் நெட் வரும், இரண்டில் வராது. பிரிண்டர் திடீரென்று ஆஃப்லைன் என்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் லைன் நல்லாத்தான் இருக்கு என்கிறார்கள்.

ராயக்கோட்டை தக்காளி:
ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க ப்ரோ.

மண்டிக்காரன்:
பத்து தடவை செய்தாச்சு. ஒவ்வொரு தடவையும் வேறொரு கம்ப்யூட்டர் படுத்துக்கொள்கிறது.

பென்னாகரத்தான்:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆன் செய்கிறபோதெல்லாம் ஆள் மாறுகிறது என்றால் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் நம்பர் (ஐபி) கொடுக்கிற இடத்தில்தான் கோளாறு. நாலிலும் கருப்பு ஜன்னலை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) அடித்து, ஐபி, கேட்வே (நெட்டுக்குப் போகிற வாசலின் நம்பர்) இரண்டையும் இங்கே போடுங்கள்.

மண்டிக்காரன்:
பில்லிங் ஒன்று: 192.168.1.103, கேட்வே 192.168.1.1, நெட் வருது.
பில்லிங் இரண்டு: 192.168.0.102, கேட்வே 192.168.0.1, வரலை.
கணக்கு: 192.168.1.101, கேட்வே 192.168.1.1, வருது.
எடை மேடை: 169.254.87.12, கேட்வே காலி, வரலை.

பென்னாகரத்தான்:
பில்லிங் இரண்டு தனி ஊரில் இருக்கிறது பாருங்கள். மூன்றாவது எண் 1க்குப் பதில் 0. மண்டியில் இரண்டாவது ரவுட்டர் ஏதாவது மாட்டினீர்களா?

மண்டிக்காரன்:
ஐயோ, ஆமாம் அண்ணா. குடோனில் போனுக்கு வைஃபை எட்டவில்லை என்று போன வாரம் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து கேபிள் இழுத்து மாட்டினேன். அது நன்றாக வேலை செய்வதால் இதோடு முடிச்சுப் போடத் தோணலை.

பென்னாகரத்தான்:
ஆள் கிடைத்துவிட்டான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அதற்கு ஐபி கிடையாது. நெட்வொர்க் கார்டிலேயே பதிந்து வருகிற மேக் எண் மட்டும்தான் இருக்கும்: 12 இலக்கம், முதல் ஆறு தயாரித்த கம்பெனியைக் காட்டும், மீதி அந்தக் கார்டுக்கு மட்டும். அந்த மேக்கைச் சொல்லி, எனக்கு ஒரு நம்பர் கொடுங்கள் என்று கேபிளில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி (நம்பர் கொடுக்கிற வசதி) பதில் சொல்லும். உங்கள் மண்டியில் இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள், பெரும்பாலும் முதலில் வந்த பதிலைத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஒரே வாசலில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகத்திலிருந்து டோக்கன் கிழிக்கிற கதை. குடோன் ரவுட்டர் நம்பரைக் கொடுத்துவிட்டு, நெட்டுக்கு என்னிடம் வா என்றும் சொல்கிறது. அதனிடம் ஏது நெட்?

குடோன் ரவுட்டரைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி அதன் செட்டிங்குக்குள் போங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை அணைத்து, பழையபடி லேன் (உள் நெட்வொர்க்) ஓட்டையிலேயே கேபிளைச் செருகுங்கள். முடிந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எடை மேடை வேறு நோய். 169.254 என்று ஆரம்பித்தால் கூவிக் கூவிப் பார்த்து யாருமே பதில் சொல்லாததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட நம்பர் அது. கேபிளைப் பாருங்கள்.

தகடூர் பையன்:
குடோன் ரவுட்டரில் கேபிளை வேன் (WAN, வெளி நெட் வரும்) ஓட்டைக்கு மாற்றினாலே போதுமே, எதையும் அணைக்க வேண்டாமே?

பென்னாகரத்தான்:
போதும்தான், நெட் வரும். ஆனால் குடோன் தனி நெட்வொர்க் ஆகிவிடும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரை ஆபீஸிலிருந்து பார்க்க முடியாது. மண்டிக்கு அது சரிப்படாது.

மண்டிக்காரன்:
அண்ணா, மூன்று கம்ப்யூட்டர் சரி! எடை மேடை கேபிளை கிரேட் அடுக்குக்குப் பின்னால் எலி கடித்திருக்கிறது, மாற்றியதும் அதுவும் வந்துவிட்டது. ஆனால் பிரிண்டர் இன்னும் விட்டுவிட்டுத்தான். அதன் நம்பர் 192.168.1.105, நானே கையால் போட்டது.

பென்னாகரத்தான்:
மெயின் ரவுட்டரில் டிஹெச்சிபி எதிலிருந்து எதுவரை கொடுக்கிறது? அப்புறம் பிரிண்டரை ஆஃப் செய்துவிட்டு 105ஐப் பிங் செய்யுங்கள் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்ப்பது).

மண்டிக்காரன்:
100 முதல் 199 வரை. பிரிண்டர் ஆஃப், ஆனாலும் பதில் வருகிறது!! உடனே ஆர்ப் -ஏ (arp -a, எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும்) அடித்து 105க்கு நேரே இருந்த மேக்கை ரவுட்டர் பட்டியலோடு ஒப்பிட்டேன். மாமாவோட போன்.

பென்னாகரத்தான்:
ராத்திரி பிரிண்டரை அணைத்துவிட்டுப் போகிறீர்கள், நம்பர் சும்மா கிடக்கிறது என்று நினைத்து ரவுட்டர் அதைக் காலையில் மாமாவுக்குக் கொடுத்துவிடுகிறது. கையால் போடுகிற நம்பர் எப்போதும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்க வேண்டும். பிரிண்டருக்கு 192.168.1.20 கொடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் போர்ட்டில் (பிரிண்டரின் முகவரி பதிந்த இடம்) பழைய 105 இருக்கும், அதையும் மாற்றுங்கள். முக்கால்வாசிப் பேர் இதை மறந்துவிட்டுத்தான் திரும்ப வந்து திட்டுவார்கள்.

தகடூர் பையன்:
ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் 192.168.1.105 இருக்கிறதே, இவர் பிரிண்டரோடு மோதாதா?

பென்னாகரத்தான்:
மோதாது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலும் 5ஆம் நம்பர் கடை உண்டு, ஓசூரிலும் உண்டு. ஐபி என்பது 32 பிட் (32 பூஜ்யம்-ஒன்று) முகவரி, அதில் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான், எல்லாக் கருவிக்கும் போதாது. அதனால் 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை, இப்படி ஆரம்பிக்கிற எண்களை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்கிற இணைய ஆவணம் சொல்கிறது. வெளியே போகும்போது ரவுட்டர் தன் நம்பரை ஒட்டி அனுப்பும்.

மண்டிக்காரன்:
20 போட்டேன், போர்ட்டையும் மாற்றினேன், மூன்று நாளாகப் பிரிண்டர் ஒருமுறைகூட விழவில்லை. அண்ணா, மாமா தன் போனுக்கும் நிரந்தர நம்பர் வேண்டும் என்கிறார். ரவுட்டரில் மேக்கைப் போட்டு ரிசர்வ் செய்தேன், போன் அதைப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

பென்னாகரத்தான்:
ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த போன்கள் பெரும்பாலும் வைஃபைக்குப் பொய் மேக் காட்டும். போன் பெட்டியில் அச்சடித்த மேக்கைப் போட்டிருப்பீர்கள். மாமா போனில் உங்கள் வைஃபை செட்டிங்கில் தனியுரிமை என்று வரும் இடத்தில் போனின் சொந்த மேக் என்று மாற்றுங்கள். சீசன் முடிந்ததும் ஒரு கூடை மல்கோவா பென்னாகரத்துக்கு அனுப்பி வையுங்கள்.