ஜீனைத் தொடாமல் ஈ.கோலையை மாடலில் ஓட்டிப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாளை வாத்தியார்:

மாடலில் ஒரு ஜீனை வெட்டிப் பார்க்கிற நாக்அவுட் கதையை ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். வெட்டாமல், ஒட்டாமல், வைல்டு டைப்பை, அதாவது ஜீன் மாற்றாத இயல்பான கிருமியை, அப்படியே ஓட்டி என்ன கண்டீர்கள் என்று கேட்கத்தான் இது. நானே ஆரம்பிக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் பார்த்துக் கொடுக்கிறேன். மீடியா, கெமிக்கல் என்று செலவு கையைக் கடிக்கிற வருஷங்களில் பிள்ளைகளை கோப்ராபை பக்கம் திருப்பிவிடுவேன். கிருமிக்குள் நடக்கும் வினைகளைக் கணக்காக எழுதிய மாடலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பைத்தான் மென்பொருள் அது. காசு கிடையாது, பழைய லேப்டாப்பே போதும். கரண்ட் போனாலும் கல்ச்சர் கெடாது.

தொடங்குவது ஈ.கோலை பாக்டீரியாவின் முக்கிய வினைகள் மட்டும் உள்ள கோர் மாடலில். 95 வினைகள், 72 மெட்டபொலைட்டுகள் (வினைகளில் புழங்கும் வேதிப்பொருட்கள்), 137 ஜீன்கள், அவ்வளவுதான். கே-12 எம்.ஜி.1655 என்ற ஆய்வக ஈ.கோலை வகைக்கான ஐ.எம்.எல்.1515 என்ற முழு மாடலில் 2712 வினைகள். முதல் நாளே அதைத் திறந்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள்.

ஓட்டியதும் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 என்று வரும். எல்லாரும் அதை நோட்டில் எழுதிவிட்டு நாக்அவுட்டுக்குத் தாவப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு கிராம் உலர் எடைக்கு, ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமோல் குளுக்கோஸுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மாடலில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தீனிக்கு எட்டக்கூடிய உச்ச வளர்ச்சி வேகம்தான் 0.874. கணக்குப் போட்டால் சுமார் 48 நிமிஷத்தில் இரட்டிப்பாகும். தீனியைக் குறைத்தால் எண்ணும் இறங்கும். கிருமி தானாகச் சொன்ன எண் அல்ல அது, நாம் வைத்த வரம்புக்கு வந்த பதில்.

அப்புறம் ஆக்சிஜனை மூடச் சொல்வேன். 0.874 சட்டென்று 0.212-க்கு இறங்கும். ஃபார்மேட் 17.8, அசிட்டேட் 8.5, எத்தனால் 8.3 என்று வெளியே வரும். காற்றில்லாமல் பல அமிலங்களைக் கழிக்கிற, பாடப்புத்தகத்தில் உள்ள மிக்ஸட் ஆசிட் ஃபெர்மென்டேஷன் அப்படியே திரையில் நிற்கும். இதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம்.

போன பேட்ச்சில் அம்பாசமுத்திரத்துப் பிள்ளை ஒருத்தி ஆக்சிஜனை மூடிய கையோடு குளுக்கோஸையும் 2-க்கு இறக்கிவிட்டாள். எண்ணே வரவில்லை, ‘இன்ஃபீசிபிள்’, அதாவது கணக்குக்குத் தீர்வே இல்லை என்று வந்தது. "சார், சாஃப்ட்வேர் போயிட்டா?" என்று கேட்டாள். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வளரவே இல்லை என்றாலும் செல் உயிரோடு கிடக்க ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 8.39 மில்லிமோல் ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவாகும் என்று கோர் மாடலில் ஒரு கட்டாயச் செலவு உண்டு. காற்றில்லாமல் ஒரு குளுக்கோஸில் கிடைப்பது 2.75 ஏ.டி.பி. இரண்டுக்கு 5.5. வீட்டு வாடகைக்கே காணாது, அப்புறம் எங்கே வளர? ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் ஒரு குளுக்கோஸுக்கு 17.5 கிடைக்கும், அதே 2 குளுக்கோஸில் நிம்மதியாக வளரும். அவளே திறந்து பார்த்துவிட்டு, "அப்போ எவ்வளவு குளுக்கோஸில் சார் பிழைக்கும்?" என்று கேட்டாள். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. திரையிலும் அதேதான் வந்தது.

பேட்டைக்காரன்:

அண்ணாச்சி, நான் ஃப்ளாஸ்க் பிடிக்கிற ஆள். உங்கள் மாடலோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. ஷேக்கரில் நல்ல காற்றோட்டத்தோடு, நிறைய குளுக்கோஸ் போட்டு வளர்த்தால் ஈ.கோலை அசிட்டேட்டைக் கழிக்கத்தான் செய்யும். பி.எச். இறங்குவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். உங்கள் மாடலோ அசிட்டேட் சுழியம் என்கிறது.

மாடலில் ஆக்சிஜன் வரம்பு 1000, அதாவது வரம்பே இல்லை. அது 21.8 எடுத்துக்கொண்டு கடைசிக் கார்பன் வரைக்கும் எரித்துவிடும். நான் அதை 15-க்கு இறக்கினேன், உடனே அசிட்டேட் வந்தது. சரி, பாதிச் சண்டை தீர்ந்தது. மீதி, செல் தன் என்சைம்களைச் செய்யவே புரதம் செலவழிக்கிறதே, அந்தக் கணக்கு இந்த மாடலில் கிடையாது. வேகமாக வளர வேண்டியிருக்கும்போது, சுவாசத்துக்கு வேண்டிய கனமான புரதங்களைக் கட்டுவதைவிட அசிட்டேட்டாகத் தள்ளிவிடுவது செல்லுக்குச் சிக்கனம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மாடல் மேல் கோபம் வராது.

இன்னொன்று, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் கலந்த எல்.பி. மீடியத்தில் வளர்த்துவிட்டு மாடலோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் வராதீர்கள். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் என்னென்ன எவ்வளவு கிடக்கிறது என்று வரிவரியாக மாடலுக்கு எப்படிச் சொல்வீர்கள்? வெறும் உப்புகளாலான எம்9 மீடியத்தில் குளுக்கோஸ் மட்டும் போட்டு வளர்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

வள்ளியூர்ப் பையன்:

பெரியவர்கள் சொன்னதற்கு ஒரு சின்ன ஒட்டு. கோப்ராபையில் மீடியம் பட்டியலில் எழுதும்போது உள்ளே எடுப்பது கூட்டல் எண். அதையே எக்ஸ்சேஞ்ச் வினையின் (பொருள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காட்டும் வினை) கீழ் வரம்பில் எழுதினால் கழித்தல். குறி மாறினால் மாடல் பட்டினி. அப்புறம், எதை மாற்றினாலும் ‘வித் மாடல்’ என்ற பிளாக்குக்குள் மாற்றுங்கள், வெளியே வந்ததும் வைல்டு டைப் பழையபடி நிற்கும்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. வளர்ச்சி வேகம் என் லேப்டாப்பிலும் நண்பன் லேப்டாப்பிலும் ஒன்றுதான், ஆனால் உள்ளே சில வினைகளின் ஃப்ளக்ஸ் (வினை ஓடும் வேகம்) மட்டும் வேறுவேறாக வருகிறது. ஏன்?

ஆழ்வார்குறிச்சி அக்கா:

தம்பி கேள்விக்கு வாத்தியார் வருவார். நான் ஈ.கோலை ஆள் இல்லை, தயிரும் மாவும்தான் நமக்கு. லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 மாடல் 2006-இல் வந்தது. இந்த வகையை மனித உமிழ்நீரிலிருந்து எடுத்தார்கள். அதை ஓட்டிவிட்டு நம்ம ஊர் இட்லி மாவைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஆனால் படிக்கச் சுவையான மாடல். வளர்ச்சியை உச்சமாக்கச் சொன்னால் லாக்டிக் அமிலத்தை விட்டுவிட்டு அசிட்டேட், எத்தனால், ஃபார்மேட் பக்கம் போய்விடுகிறது! காரணம் எளிது. அந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு 3 ஏ.டி.பி., லாக்டிக் வழியில் 2. மாடல் லாபத்தைப் பார்க்கிறது. நிஜக் கிருமியோ அந்த ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, வேகமாகப் புளிக்க வைத்து அக்கம்பக்கத்துக் கிருமிகளை விரட்டுகிறது. குறைந்தபட்சம் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மாவு பொங்கி வழிகிற சித்திரை வெயிலில் சந்தேகமே வராது.

பாளை வாத்தியார்:

அக்கா சொன்னதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2002-இல் நேச்சரில் வந்த ஆய்வு. ஈ.கோலை கே-12-ஐ கிளிசராலில் வளர்த்தபோது மாடல் சொன்னதைவிடக் குறைவாகத்தான் வளர்ந்தது. திரும்பத் திரும்பப் புது மீடியத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 40 நாள், சுமார் 700 தலைமுறை கழித்து, மாடல் சொன்ன உச்சத்துக்கே வந்து நின்றது. யாரும் ஜீனைக் கையால் தொடவில்லை. இதைப் படித்த பிறகு, மாடலும் ஃப்ளாஸ்க்கும் ஒத்துவரவில்லை என்றால் உடனே மாடலைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

வள்ளியூர்த் தம்பிக்கு: உச்ச வளர்ச்சிக்குப் போகும் வழி ஒன்றல்ல. ஒரே எண்ணுக்குப் பல பாதைகள் உண்டு, கணக்கைத் தீர்க்கும் சால்வர் தனக்கு முதலில் அகப்பட்டதைக் கொடுக்கும். எஃப்.வி.ஏ. ஓட்டினால் ஒவ்வொரு வினையும் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று தெரியும். பிறகு பி.எஃப்.பி.ஏ. ஓட்டு, மொத்த ஃப்ளக்ஸ் குறைவாக உள்ள பாதையை அது எடுக்கும், இரண்டு லேப்டாப்பும் பெரும்பாலும் ஒத்துப்போய்விடும். நாளைக்கு மோமா என்ற முறையில் நாக்அவுட் செய்யப் போகிறாய் என்றால் இது முக்கியம். மோமா வைல்டு டைப் ஃப்ளக்ஸிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் அளக்கிறது. நீ கொடுத்தது எஃப்.பி.ஏ. (வளர்ச்சியை உச்சமாக்கும் சாதாரணக் கணக்கு) தந்த ஃப்ளக்ஸா, பி.எஃப்.பி.ஏ. தந்ததா என்று ரெக்கார்டில் எழுதி வை. வைவா வைக்கிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.