வாடிய சோளத்தட்டையை மாட்டுக்குப் போடலாமா?

கேள்வி: மழையில்லாமல் தீவனச்சோளம் முழங்கால் உயரத்திலேயே இலை சுருண்டு நிற்கிறது. அறுத்துப் போடலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். காய்ச்சலில் நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். தின்ற சில நிமிடங்களிலேயே மாடு மூச்சிரைத்துத் தள்ளாடி விழும். ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். பூத்தபின் அறுங்கள். மழை பெய்ததும் அடியில் வெடிக்கும் புதுத்தூர் இன்னும் மோசம், அதில் மேயவிடாதீர்கள்.

பதில் 2: மொறுமொறுவென்று காயவைத்தால் சயனைடு பெரும்பாலும் போய்விடும். யூரியா போட்ட பயிரில் சேரும் நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சு காய்ந்தாலும் போகாது. அது அடித்தண்டில்தான் அதிகம். ஒரு சாண் விட்டு அறுங்கள். முதலில் வைக்கோல் கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

கேட்டவர்: ஏற்கெனவே தின்றிருந்தால்?

பதில் 1: உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோடியம் தயோசல்பேட்டை நரம்பில் ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. மாட்டை நடக்கவிடாதீர்கள்.