அமீரகத்துல சோலார் வளருது சரி, எண்ணெய் குறையுதா?

கீழக்கரையான்:
போன வாரம் ஒரு வேலையா ஸ்வைஹான் பக்கம் போயிருந்தேன். கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் பேனல்தான், நூர் அபுதாபி, 1,177 மெகாவாட், 2019-ல இருந்து ஓடுது. பாக்க பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா இதே அபுதாபிதான் 2027-க்குள்ள ஒரு நாளைக்கு 50 லட்சம் பேரல் எண்ணெய் எடுக்குற அளவுக்கு எல்லாத்தையும் பெருசாக்கிட்டு இருக்கு. விலாங்கு மீன் பாம்புக்கு தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம், அந்தக் கதைதான். இங்க சோலார்ல லைட்ட எரிய விட்டுட்டு, மிச்சமாகுற எண்ணெய வெளிய விக்கிறாங்க. இத வளர்ச்சின்னு கொண்டாட எனக்கு மனசு வரல.

முசஃபா_முருகு:
கீழக்கரை காக்கா (அண்ணே), ஒரு திருத்தம். இங்க கரண்டுக்கு எரிக்கிறது எண்ணெய் இல்ல, கேஸு. கச்சா எண்ணெயவே எரிச்சு கரண்ட் எடுக்குறது சவுதில, கோடைல ஏசி லோடு ஏறும்போது. இங்க உள்ள கேஸ்ல ஒரு பங்கு 2007-ல இருந்து கத்தார்ல இருந்து கடலுக்கடியில டால்ஃபின் குழாய் வழியா வருது, காசு குடுத்து வாங்குறதுதான். அப்ப சோலார் போட்டா மொதல்ல மிச்சமாகுறது கேஸு. நான் அல் தஃப்ரா சைட்ல கேபிள் வேலை பாத்தவன், 2,000 மெகாவாட், 2023 நவம்பர்ல தொறந்தாங்க, யூனிட்டு 1.32 அமெரிக்க சென்ட், நம்ம காசுல ஒரு ரூபா சொச்சம், துபாய் சோலார் பார்க்கு 2013-ல வெறும் 13 மெகாவாட்ல ஆரம்பிச்சுச்சு, பத்து வருஷத்துல எங்க வந்து நிக்கிது பாருங்க. இவ்ளோ செலவ யாரும் போட்டோ எடுக்குறதுக்காக பண்ண மாட்டாங்க, கட்டுப்படியாகுது, அதான் வளருது.

பாலைநிலா:
முருகு அண்ணா, பகல் கணக்கு சரி. ஆகஸ்ட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு சூரியன் போயிடுது, ராத்திரி ரெண்டு மணிக்கும் ஒரு வீட்லயும் ஏசி நிக்காது. அப்ப உங்க ஒரு ரூபா கரண்ட் எங்க இருக்கு? பகல்லயும் பேனல் சூடேற ஏற ஒரு டிகிரிக்கு 0.3, 0.4 சதவீதம்னு உற்பத்தி எறங்கும், இங்க கோடைல பேனல் மேல கைய வச்சா பொத்துடும், போதாததுக்கு பாலைவனத் தூசி வேற வந்து படியும். அப்புறம் துபாய்ல 262 மீட்டர் கோபுரம் கட்டி, கண்ணாடியால வெயில குவிச்சு, உப்ப உருக்கி, அந்த சூட்ட ராத்திரிக்கு வெச்சு கரண்ட் எடுக்குறாங்களே, அதோட ஒப்பந்த வெல யூனிட்டு 7.3 சென்ட். அஞ்சு மடங்குக்கு மேல. ராத்திரின்னு வந்தா மலிவுங்கற பேச்சே இல்ல.

முசஃபா_முருகு:
தூசிக்கு ரோபோ இருக்கும்மா, தண்ணியே இல்லாம பிரஷ் போட்டு தள்ளிட்டு போகும். சூட்டுல கொறையறது உண்மைதான், மறுக்கல. ராத்திரிக்கு பேட்டரி வருது. 2025 ஜனவரில மஸ்தார்ங்கற அபுதாபி அரசு எரிசக்தி கம்பெனி அறிவிச்சாங்க, 5.2 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட்னா 1,000 மெகாவாட்) பேனல், 19 ஜிகாவாட்-அவர் பேட்டரி, ரெண்டும் சேந்து 24 மணி நேரமும் 1 ஜிகாவாட் விடாம குடுக்கணும்.

பாலைநிலா:
ஒண்ணு குடுக்க அஞ்சு போடணும்னு நீங்களே சொல்லிட்டீங்க.

முசஃபா_முருகு:
ஆமா, பகல்ல ஓடிக்கிட்டே ராத்திரிக்கும் சேத்து சார்ஜ் ஏத்தணும்ல. பேனல் வெல எறங்குனதாலதான் அஞ்சு மடங்கு போட்டும் கட்டுப்படியாகுது, அத பாருங்க.

தண்ணி_இஞ்சினியர்:
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு எழுதியே ஆகணும். எல்லாரும் ஏசிய பத்தியே பேசுறீங்க, தண்ணிய விட்டுட்டீங்க. இந்த ஊர்ல குழாயில வர்ற தண்ணி கிட்டத்தட்ட எல்லாமே கடல் தண்ணிய சுத்தம் பண்ணது. பழைய பிளான்ட்ல எப்படின்னா, கேஸ எரிச்சு டர்பைன் ஓட்டி, அந்த நீராவியிலயே கடல் தண்ணிய காய்ச்சி வடிப்போம், கரண்டும் தண்ணியும் ஒட்டிப் பொறந்த மாதிரி. ஜனவரில ஏசி நின்னு கரண்ட் தேவை சர்ருன்னு எறங்கிடும், ஆனா குடிக்கிற தண்ணி எறங்காது, அதனால தண்ணிக்காகவே கேஸ எரிச்சாகணும், எரிச்சா கரண்டும் கூடவே வந்து நிக்கும், வெளிய வெயில் சும்மா கொட்டிக்கிட்டு இருந்தாலும் சோலாருக்கு எடம் இருக்காது. இந்த முடிச்ச அவுத்தது ஆர்.ஓ. பிளான்ட்டுதான் (கடல் தண்ணிய அழுத்தி சவ்வு வழியா தள்ளி உப்ப பிரிக்கிறது), அதுக்கு நீராவி வேணாம், பம்ப் ஓட்ட கரண்ட் போதும், அந்த கரண்ட் சோலாரா இருந்தா என்ன, வேற எதுவா இருந்தா என்ன. தவீலால ஒரு நாளைக்கு 9 லட்சம் கனமீட்டர் எடுக்குறாங்க. இது வந்ததாலதான் பேனல் கரண்டுக்கு கிரிட்ல, அதாவது நாட்டு மின் கட்டமைப்புல, எடம் கெடைக்குது. இன்னொண்ணு, பராக்கா அணு உலை நாலுமா சேந்து 5,600 மெகாவாட், நாட்டு கரண்டுல கால்வாசி. "கிளீன் எனர்ஜி"ன்னு சொல்ற கணக்குல அதையும் சேத்துதான் சொல்றாங்க, அத சோலார்னு எடுத்துக்காதீங்க.

கீழக்கரையான்:
தம்பிமாரே, கேஸு விஷயத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்குறேன். தண்ணி சங்கதியும் எனக்கு புதுசு. ஆனா அந்த மிச்சமாகுற கேஸு எங்க போவும்? ருவைஸ்ல வருசத்துக்கு 96 லட்சம் டன் எல்.என்.ஜி. (குளிர வச்சு திரவமாக்குன கேஸு) ஏத்துமதி பண்ண புது பிளான்ட் கட்டுறாங்க, 2024-ல முடிவு பண்ணிட்டாங்க. அந்த பிளான்ட்டையே புகையில்லாத கிரிட் கரண்ட்ல ஓட்டப்போறோம்னு சொல்றாங்க! பூமிக்கு அடியில இருந்து எடுத்து விக்கிற வேலைக்கு சுத்தமான கரண்டு. அத வாங்கி எரிக்கிற ஊர்ல வர்ற புகை இவங்க 2050 நெட் ஸீரோ (விடுற புகையும் உறிஞ்சுற புகையும் சமமாகணும்ங்கற இலக்கு) கணக்குல வராது. எனக்கு நெஞ்சுல குத்துறது இதுதான். நம்ம புள்ளைக இருக்குற ஊர்லயும் அதே காத்துதானே.

பாலைநிலா:
இதுல நான் காக்கா பக்கம். ஆனா வாங்குறவங்க கைலயும் பாதி இருக்கு, அபுதாபி எண்ணெய் இந்தியாவுக்கும்தான் போகுது. அங்க தேவை குறையாம இங்க நிறுத்துனா வேற நாட்டுல வாங்குவாங்க.

கீழக்கரையான்:
நிறுத்துன்னு நான் சொல்லலம்மா. இன்னும் கூட்டாதன்னுதான் சொல்றேன்.

முசஃபா_முருகு:
அத கேளுங்க காக்கா, நானும் கேக்குறேன். ஆனா சோலார வெறும் மேல்பூச்சுன்னு நெனச்சுடாதீங்க. ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30-ல இருந்து 3 மணி வரை வெளி வேலை கூடாதுன்னு சட்டம், மீதி நேரம் பூரா நாங்க அந்த மணல்லதான் நின்னோம். நான் இழுத்த கேபிள் வழியா இன்னைக்கும் கரண்ட் போகுது, அந்த அளவுக்கு கேஸ் எரியல, அது நடக்குது.

கீழக்கரையான்:
உங்க உழைப்ப நான் கொறச்சு சொல்லல முருகு, அப்படி பட்டிருந்தா மன்னிச்சுக்கங்க. அந்த பேட்டரி பிளான்ட் எப்ப வரணும்?

முசஃபா_முருகு:
2027.

கீழக்கரையான்:
50 லட்சம் பேரலும் 2027-தான்.